ஆற்றில் போட்டாலும் அளந்து போடு: கங்கை ஓங்கிலா, உபின் சின்னானா?

தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் விற்றுச் சேர்த்தது 1,840 வெள்ளி. அதனுடன் ஜூன் விடுமுறை வரை இருபது சனிக்கிழமைகள். சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக் வட்டாரத்தில் பதினொரு குடும்பங்கள் சேர்ந்து, அழிவின் வாசலில் நிற்கும் ஓர் உயிரினத்துக்கு இவற்றைக் கொடுப்பதென்று முடிவெடுத்திருக்கிறார்கள். எந்த உயிரினத்துக்கு என்பதில்தான் இழுபறி. காசிக்குப் போய்வந்த பெரியவர்கள் கங்கையில் வாழும் ஓங்கிலுக்கு, அதாவது ஆற்று டால்பினுக்குக் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். பிள்ளைகள் சிங்கப்பூரை ஒட்டிய புலாவ் உபின் தீவில் தாங்கள் காதால் கேட்ட பறவைக்கு என்கிறார்கள். இரு தரப்பும் என்னிடம் எழுதிக் கேட்டன. தமிழில் இயற்கை நடை நடத்தத் தொடங்கியதிலிருந்து இதே கேள்வி வேறு வேறு வடிவில் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பறவையின் பெயர். மலாய்க்காரர்கள் அதைப் பாராவ்-பாராவ் என்பார்கள். வைக்கோல் நிறத் தலை என்ற பொருளில் ஆங்கிலப் பெயர் அமைந்திருக்கிறது. கொண்டைக்குருவி வகையைச் சின்னான் என்று சொல்வது தமிழ்நாட்டு வழக்கம் என்பதால், எங்கள் பிள்ளைகள் இதற்கு வைக்கோல்தலைச் சின்னான் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயரில்தான் சின்னான். கொண்டைக்குருவிகளிலேயே பெரியது இதுதான். ஏறத்தாழ 29 செ.மீ. நீளம்.

## எதை வைத்து அளப்பது?

அழகை வைத்து அளக்க வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டேன். அழகில் இறங்கினால் பேச்சு விடியும்வரை ஓடும். நான் வைத்த அளவுகோல்கள் ஐந்து. ஆபத்து எவ்வளவு நெருங்கியிருக்கிறது? போய்விட்டால் அதற்கு ஈடு உண்டா? சிங்கப்பூரில் இருந்துகொண்டு நம்மால் பணம் தவிர வேறென்ன கொடுக்க முடியும்? கொடுக்கும் பணம் சட்டப்படி, சிந்தாமல் போய்ச் சேருமா? பிள்ளைகள் அந்த உயிரைத் தாங்களே கண்டும் கேட்டும் அறிய முடியுமா?

மூன்றாவது கேள்விக்கே நான் கூடுதல் எடை கொடுக்கிறேன். பணத்தை யாரும் கொடுக்கலாம். இருபது சனிக்கிழமைகளை எங்கே கொடுப்பது என்பதை நாம் இருக்கும் இடம்தான் தீர்மானிக்கிறது.

## கங்கை ஓங்கில்

2025 மார்ச்சில் இந்திய அரசு ஆற்று ஓங்கில்களின் முதல் விரிவான கணக்கெடுப்பை வெளியிட்டது. எட்டு மாநிலங்களில் 28 ஆறுகள், 8,500 கிலோமீட்டருக்கு மேல் அளந்து எடுத்த கணக்கு. கங்கை ஓங்கில்கள் 6,324. உத்தரப் பிரதேசத்தில் 2,397, பீகாரில் 2,220, மேற்கு வங்காளத்தில் 815, அசாமில் 635. பஞ்சாபின் பியாஸ் ஆற்றில் அதன் சகோதர இனமான சிந்து ஓங்கில் மூன்றே மூன்று.

ஆறாயிரம் என்றதும் பலருக்கு ஆறுதல் வருகிறது. எனக்கு வரவில்லை. ஒரு தாய் ஓங்கில் இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டிதான் ஈனும். மூச்சுவிட மேலே வந்தாக வேண்டிய பிராணி அது. நைலான் செவுள் வலையில் சிக்கினால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் சாகிறது. அதன் கொழுப்பெண்ணெயை மீனுக்குத் தூண்டில் இரையாகப் பயன்படுத்தும் வழக்கமும் அதன் உயிருக்கு உலை வைத்தது. 1975-இல் இயங்கத் தொடங்கிய ஃபராக்கா போன்ற தடுப்பணைகள் ஒரே ஆற்றைத் துண்டு துண்டாக்கி, ஒரு பக்கத்துக் கூட்டம் மறுபக்கத்துக் கூட்டத்தோடு சேர முடியாமல் செய்துவிட்டன.

ஈடு உண்டா என்ற கேள்வியில் தராசு முழுதாக இதன் பக்கம் சாய்கிறது. இதன் குடும்பத்தில் உயிரோடு எஞ்சியிருப்பவை கங்கை ஓங்கிலும் சிந்து ஓங்கிலும் மட்டுமே. கண்ணில் வில்லையே கிடையாது. வெளிச்சம் இருட்டு மட்டும் தெரியும். கலங்கிய நீரில் ஒலி எழுப்பி, அது மோதித் திரும்புவதைக் கேட்டு வழி கண்டுபிடிக்கிறது. பக்கவாட்டில் சாய்ந்து நீந்தி, ஒரு துடுப்பால் ஆற்றின் அடியைத் துழாவிக்கொண்டே போகும். மனிதர் பராமரிப்பில் வைத்துப் பெருக்கி மீண்டும் ஆற்றில் விடும் வழி இதற்கு இல்லை. சீனத்து யாங்சி ஆற்று ஓங்கிலைத் தேடி 2006-இல் ஆறு வாரங்கள் இரண்டு படகுகளில் ஆற்றை அலசினார்கள். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அதற்கு முன்பே, பிடித்து வைத்திருந்த ஓர் ஆண் 22 ஆண்டுகள் தொட்டியில் வாழ்ந்து 2002-இல் செத்துப்போயிற்று.

இந்தியா கைகட்டி இருக்கவில்லை. அசோகரின் ஐந்தாம் தூண் கல்வெட்டில் கொல்லக் கூடாத உயிர்களின் பட்டியலில் கங்கையின் 'புபுடகம்' இருக்கிறது. அது ஓங்கில்தான் என்று அறிஞர் பலர் கொள்கிறார்கள். நம் காலத்தில் பீகாரில் சுல்தான்கஞ்சுக்கும் கஹல்காவுக்கும் இடையே விக்ரமசீலா ஓங்கில் சரணாலயம் 1991-இல் அமைந்தது. 2009-இல் தேசிய நீர்வாழ் உயிரினம் என்ற தகுதி வந்தது. பாட்னாவில் வாழ்நாள் முழுதும் இதற்காகவே உழைத்த ஆர். கே. சின்ஹாவுக்கு 2016-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இத்தனைக்குப் பிறகும், உயிரினங்களை அழிவு ஆபத்தின்படி வரிசைப்படுத்தும் பன்னாட்டுச் செம்பட்டியலில் இது 'அருகிய இனம்' என்ற வரிசையிலேயே இருக்கிறது.

நான் ஒருமுறை ஜனவரி மாதத்தில் கஹல்காவ் போயிருக்கிறேன். பனிமூட்டத்தில் எதிர்க்கரை தெரியவில்லை. படகோட்டி இயந்திரத்தை நிறுத்திவிட்டு, பேசாதீர்கள் என்று கையால் காட்டினார். கொஞ்ச நேரம் கழித்து இடப்பக்கம் 'சூ...' என்று ஒரு மூச்சு. திரும்புவதற்குள் ஆறு மூடிக்கொண்டது. அடுத்த மூச்சுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் காத்திருந்தேன். இந்த முறை நீண்ட மெல்லிய மூக்கும் சாம்பல் நிற முதுகும் ஒரு நொடி தெரிந்தன. அந்த மூச்சின் ஓசையை வைத்தே அங்குள்ளவர்கள் அதைச் 'சூசு' என்று அழைக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் நான் கண்ணால் கண்ட நேரத்தைக் கூட்டினால் பத்து நொடி தேறாது. ஆனாலும் அந்த மூச்சு என் காதைவிட்டு இன்றுவரை போகவில்லை.

காசிக்குப் போய்வந்த பெரியவர்கள் ஏன் இதற்காக வாதாடுகிறார்கள் என்பது எனக்கு நன்றாகவே புரிகிறது.

## வைக்கோல்தலைச் சின்னான்

உபின் படகுத்துறையில் இறங்கிச் சதுப்புநிலப் பக்கம் நடந்தால், பறவைக்கு முன்னால் குரல் வரும். அடைத்த குடத்திலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று பொங்கி வெளியேறுவது போன்ற, தடித்த, தேன் கலந்த குரல். ஒன்று தொடங்கும், இணை அதை முடிக்கும். இரண்டு பறவைகளின் குரல் என்று தெரியாமல் முதல்முறை கேட்பவர்கள் ஒரே பறவை என்றே நினைப்பார்கள். பிறகு மரவிளிம்பில் பொன் நிறத் தலையும், கண்ணைக் கடந்து ஓடும் கறுப்புக் கோடும், தாடையில் மீசைபோல ஒரு கோடும் தெரியும். சென்ற முறை ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி கையை வாயில் பொத்திக்கொண்டு நின்றாள். தன் சத்தத்தில் அது பறந்துவிடக் கூடாதே என்ற பயம் அவளுக்கு.

இந்தக் குரல்தான் அதற்கு எமனாயிற்று. பாட்டுக்காகப் பறவை வளர்க்கும் வழக்கம் ஜாவாவில் மிக ஆழமானது. அந்த ஒரு தீவின் வீடுகளில் மட்டும் 6.6 கோடி முதல் 8.4 கோடி கூண்டுப் பறவைகள் இருக்கலாம் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. காட்டிலிருந்து பிடித்துப் பிடித்து, தாய்லாந்தில் இந்தச் சின்னான் அற்றுப்போயிற்று. ஜாவாவின் காடுகளிலும் குரல் அடங்கிவிட்டதாகவே கருதுகிறார்கள். சுமத்ராவில் தேடினாலும் கிடைப்பது அரிது. 2016-இல் 'அருகிய இனம்' என்ற வரிசைக்கு வந்தது, இரண்டே ஆண்டுகளில், 2018-இல், 'மிக அருகிய இனம்' ஆயிற்று. உலகம் முழுவதும் வளர்ந்த பறவைகள் 600 முதல் 1,700 வரைதான் இருக்கும் என்பது மதிப்பீடு.

இதில் சிங்கப்பூரின் இடத்தை நினைத்தால் எனக்குப் பெருமையும் பயமும் சேர்ந்தே வருகின்றன. 2017-இல் வெளிவந்த ஆய்வு இங்கே குறைந்தது 202 பறவைகளைக் கணக்கிட்டது. உபினில் எண்ணிக்கை மெல்லக் கூடியும், சிங்கப்பூரின் முதன்மைத் தீவில் குறையாமலும் இருந்தது. இயற்கைச் சங்கத்துத் தொண்டர்கள் ஆண்டுக்கணக்காகக் காலையில் எழுந்து எண்ணி வைத்த குறிப்புகள்தான் அந்த ஆய்வுக்கு அடித்தளம். ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டர் அளவே உள்ள, அறுபது லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் நெருக்கியடித்து வாழும் ஒரு நகரம், உலகில் எஞ்சிய இந்தப் பறவைக்கு மிக முக்கியமான புகலிடங்களில் ஒன்றாகிவிட்டது. காட்டில் பறவை பிடிப்பதைச் சட்டம் இங்கே விடுவதில்லை என்பது பெரிய காரணம். 2022-இல் பனாமாவில் நடந்த, அருகிவரும் உயிரினங்களின் வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மாநாட்டில், இந்தப் பறவையின் பன்னாட்டு வாணிகத்தைத் தடை செய்யும் முதல் பட்டியலில் சேர்க்கும்படி முன்மொழிந்த நாடுகளில் சிங்கப்பூரும் ஒன்று. முன்மொழிவு ஏற்கப்பட்டது.

ஈடு என்ற அளவுகோலில் இது ஓங்கிலுக்கு அடுத்த இடம்தான். கொண்டைக்குருவிக் குடும்பத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. வளர்ப்பிடங்களில் இது குஞ்சு பொரித்து வளர்ந்தும் இருக்கிறது. ஆகவே ஒரு கடைசிக் கயிறு இதற்கு உண்டு. ஓங்கிலுக்கு அதுவும் இல்லை. ஆயினும் கூண்டில் பிறந்த பறவையை எந்தக் காட்டில் விடுவது? பிடிப்பவன் காத்திருக்கும் காட்டில் விட்டுப் பயனில்லை. பிடிக்கப்படாத காடு என்று சொல்ல நம்பகமான இடங்கள் மிகச் சில, அவற்றில் ஒன்று நம் வீட்டிலிருந்து ஒரு பஸ், ஒரு படகுத் தொலைவில்.

## ஒரு பார்வையில்

| அளவுகோல் | கங்கை ஓங்கில் | வைக்கோல்தலைச் சின்னான் |
|---|---|---|
| செம்பட்டியல் நிலை | அருகிய இனம் | மிக அருகிய இனம் |
| எண்ணிக்கை | இந்தியாவில் 6,324 | உலகில் 600 – 1,700 |
| முதன்மை ஆபத்து | வலை, தடுப்பணை, ஆற்று மாசு | கூண்டு வாணிகம், வாழிட இழப்பு |
| போனால் ஈடு | அறவே இல்லை | வளர்ப்பிடப் பறவைகள், ஓரளவு |
| இங்கிருந்து தரக்கூடியது | பெரும்பாலும் பணம் | நேரம், காது, குரல், பணம் |
| நேரில் அறிய | கொல்கத்தா வழியாகப் பயணம், குளிர்காலம் | சாங்கியிலிருந்து படகு, 4 வெள்ளி |

## வெளியே தெரியாத செலவுகள்

ஓங்கிலுக்குக் கொடுப்பவர்கள் தடுமாறும் இடம் பணம் அனுப்புவதுதான். சிங்கப்பூரில் பொதுமக்களிடம் பணம் திரட்டி வெளிநாட்டு அறப்பணிக்கு அனுப்புவதானால், திரட்டுவதற்கு முன்பே அறநிறுவன ஆணையரிடம் அனுமதி பெற வேண்டும். திரட்டியதில் 80 விழுக்காட்டை உள்நாட்டில் செலவிட வேண்டும் என்ற நிபந்தனையும் வழக்கமாக அதனுடன் வரும். முறுக்கு விற்ற காசு பொதுமக்களிடம் திரட்டிய காசுதான். அதை உறவினர் ஒருவர் கையில் கொடுத்து இந்தியாவில் சேர்த்துவிடச் சொல்லலாம் என்று யாரோ யோசனை சொன்னார்களாம்; தயவுசெய்து வேண்டாம்.

இந்தியப் பக்கத்தில் இன்னொரு கதவு. வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப்படி பதிவோ முன்அனுமதியோ பெற்ற அமைப்புதான் சிங்கப்பூர்க் குடிமக்களிடமிருந்து நன்கொடை வாங்கலாம். அதுவும் புதுடில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள தனிக் கணக்கில்தான் வந்து சேர வேண்டும். இந்திய வம்சாவளி என்பதோ, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற அவர்களுக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டையோ இதில் உதவாது. சட்டத்தின் கண்ணில் அது வெளிநாட்டுப் பணம்தான். மாறாக, இங்கே நிரந்தரவாசியாக இருந்துகொண்டு இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாகக் கொடுத்தால் இந்தக் கட்டுப்பாடு இல்லை. இது தெரியாமல் சில ஆண்டுகளுக்கு முன் நான் 300 வெள்ளியை ஓர் அமைப்புக்கு அனுப்பினேன். அவர்களுக்கு அந்தப் பதிவு இல்லை. வாங்க முடியாமல் அவர்கள் திருப்பி அனுப்ப, நான்கு மாதம் கழித்து வங்கிக் கட்டணம் போக மீதி வந்தது. அனுப்புவதற்கு முன் பதிவு எண்ணைக் கேளுங்கள். நேர்மையான அமைப்பு எதுவும் அதற்கு வருத்தப்படாது.

உள்நாட்டில் பொதுநல அமைப்பு என்ற தகுதி பெற்ற நிறுவனங்களுக்குக் கொடுக்கும் தகுதியுள்ள நன்கொடைக்கு, 2026 இறுதி வரை, தொகையைப்போல் இரண்டரை மடங்கு வரிக்கழிவு உண்டு. தேசியப் பூங்காக் கழகத்தின் கார்டன் சிட்டி ஃபண்ட் அத்தகுதி பெற்றது. வெளிநாட்டுக்குப் போகும் பணத்துக்கு இந்தச் சலுகை இல்லை.

சின்னானின் மறைசெலவு வேறு வகை. அதைப் பார்த்த மகிழ்ச்சியில் படத்தை இடத்தின் பெயரோடு வெளியிட்டால், பிடிப்பவனுக்கும் வழி சொன்னதாக ஆகும். எங்கள் நடையில் கூடு இருக்கும் இடத்தை யாரும் எழுதுவதில்லை. பிள்ளைகளிடமும் அதைச் சத்தியமாக வாங்கிக்கொள்கிறேன். கைப்பேசியில் பதிவான பாட்டை ஒலிக்கவிட்டு அதை வெளியே இழுப்பதும் கூடாது. தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று எண்ணி, அது கூட்டையும் குஞ்சையும் விட்டுவிட்டுப் பதறி ஓடிவரும்.

இன்னொரு செலவு மனத்தின்மேல் விழுவது. இந்தப் பறவை அடர்காட்டை விடக் காட்டோரத்தையும் நீரோரப் புதரையும் விரும்புகிறது. அடுத்த புதுநகரத்துக்கும் சாலைக்கும் முதலில் கண்ணில் படும் நிலமும் அதுவே. 2021-இல் டோவர் காடு பற்றி நாடே பேசியபோது, வீடு வேண்டும் என்றவர்களின் நியாயமும் எனக்குத் தெரிந்தது. என் தங்கை மகனே வீவக என்னும் அரசு அடுக்குமாடி வீட்டுக்குக் காத்திருந்தான். கிழக்குப் பாதியில் வீடு, மேற்குப் பாதியை அப்போதைக்குத் தொடாமல் வைப்பது என்று முடிவாயிற்று. பிள்ளைகள் எண்ணிப் பழகிய இடத்தில் ஒருநாள் தகரவேலி எழும்பினால் அவர்களுக்கு என்ன சொல்வது என்பதைப் பெற்றோர் இப்போதே யோசித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஓங்கிலுக்குப் பணம் அனுப்புபவருக்கு இந்த வலி நேராக வராது.

## யாருக்கு எது?

சிங்கப்பூரில் வாழும், பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள, பணத்தைவிடச் சனிக்கிழமைகள் அதிகம் உள்ள குழு என்றால் சின்னான்தான். என் முடிவில் எனக்குத் தயக்கம் இல்லை. 1,840 வெள்ளி கங்கைக்குச் சென்றால் நல்ல வேலை செய்யும், ஆனால் நம்மிடம் இருக்கும் இருபது காலைகளைக் கங்கை வாங்கிக்கொள்ளாது. சின்னானுக்கு வேண்டியது அந்தக் காலைகள்தான். எங்கே குரல் கேட்டது, எத்தனை இணை, எந்தப் புதர் வெட்டப்பட்டது என்று ஆண்டுக்காண்டு எழுதி வைக்கும் ஆட்கள் இல்லாவிட்டால், அடுத்த முறை ஒரு நிலத்தைப் பற்றி முடிவெடுக்கும்போது அங்கே பறவை இருந்தது என்று சொல்ல ஒருவரும் இருக்கமாட்டார்கள். பூங்காக் கழகம் குடிமக்களை வைத்து நடத்தும் பறவைக் கணக்கெடுப்பில் சேர்ந்து பழகிவிட்டு, பிறகு இயற்கைச் சங்கத்தின் ஆண்டுக் கணக்கெடுப்புக்குப் போகலாம்.

வீட்டில் கூண்டுப் பறவை வளர்க்கும் பெரியவர் இருந்தாலும் இதையே தேர்ந்தெடுங்கள். கெபுன் பாருவில் கம்பங்களில் கூண்டேற்றிப் பாட்டுக் கேட்கும் பெரியவர்களிடம் நான் பலமுறை பேசியிருக்கிறேன். பறவையின் குரலை அவர்களைப்போல் பிரித்தறிபவர் யாரும் இல்லை. எங்கள் நடைக்கு அழைத்தபோது ஒரு தாத்தா வந்தார். தொலைநோக்கி வைத்திருந்த எங்களுக்கு முன்னால் வெறுங்காதால் மூன்று இணைகளைப் பிரித்துக் காட்டினார்.

ஓங்கில் சரியான தேர்வாகும் சூழல்களும் உண்டு. இந்தியக் கடவுச்சீட்டோடு இங்கே வேலை பார்ப்பவர், மாதம் ஒரு சிறு தொகையைப் பல ஆண்டுகளுக்கு விடாமல் அனுப்பக் கூடியவர் என்றால், அவர் பணம் செல்லும் தூரம் சின்னானுக்குக் கொடுப்பதைவிடக் கங்கைக் கரையில் அதிகம். சிக்கிய ஓங்கிலைத் தன் வலையை அறுத்து விடுவிக்கும் மீனவருக்கு வலையின் விலையை ஈடுகட்டுவது போன்ற வேலைகளுக்கு விட்டுவிட்டு வரும் பெருந்தொகையைவிட நின்று வரும் சிறுதொகையே மேல். கடல்வாழ் உயிரியல் படிக்கப் போகும் மகனோ மகளோ வீட்டில் இருந்தாலும் ஓங்கிலின் பக்கம் திருப்புங்கள்; ஒலியை வைத்து அதை எண்ணும் கலையில் ஆள் தேவை இருந்துகொண்டே இருக்கும்.

காசிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போனால், பயணத்தில் இரண்டு நாள் சேர்த்துப் பீகாரின் பாகல்பூர்ப் பக்கம் ஒரு மீனவர் படகை வாடகைக்கு எடுங்கள். இயந்திரத்தை நிறுத்தச் சொல்லுங்கள், துரத்த வேண்டாம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். ஓங்கில் இருப்பதால் தனக்கும் வருமானம் என்று அந்தப் படகோட்டி உணர்வதைவிட நல்ல நன்கொடை எனக்குத் தெரியவில்லை. எந்தப் படிவமும் இதற்கு நிரப்ப வேண்டியதில்லை.

பதினொரு குடும்பங்களுக்கும் இதையேதான் எழுதினேன். முறுக்குக் காசும் சனிக்கிழமைகளும் சின்னானுக்கு. ஜனவரியில் காசிக்குப் போகும் மூன்று குடும்பங்கள் தங்கள் சொந்தக் கையிலிருந்து ஓங்கிலுக்கு. பெரியவர்களில் ஒருவர் மறுநாளே தொலைபேசியில் கூப்பிட்டு, படகோட்டியிடம் இந்தியில் எப்படிச் சொல்வது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

வரும் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சாங்கி படகுத்துறையில் நிற்பேன். பன்னிரண்டு பேர் சேர்ந்தால் படகு கிளம்பும். இதுவரை பதினொரு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.